ஈர மணலுக்கு இந்தப் பக்கம்

கனம் குற்றவியல் நடுவர் அவர்கள் முன்னிலையில் பதிவு செய்யப்பட்ட சாட்சி வாக்குமூலம்

சாட்சியின் பெயர்: ஜலஜா. வயது: 66. கணவர் பெயர்: காலஞ்சென்ற வெங்கடரமணன். தொழில்: டெலிபோன் இலாகாவில் டிரங்க் கால் ஆபரேட்டராகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். விலாசம்: மைத்துனர் மகன் ஹரியின் குடியிருப்பு, இரண்டாவது மாடி, சித்திரக்குளம் அருகில், மயிலாப்பூர், சென்னை.

நான் மேற்சொன்ன விலாசத்தில் வசித்து வருகிறேன். பிரமாணம் எடுத்துக்கொண்ட பிறகு, யாராவது பயமுறுத்தியோ ஆசை காட்டியோ இங்கே வந்திருக்கிறீர்களா என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன். வர வேண்டாம் என்று ஒருவன் கெஞ்சினான், அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான் என்றும் சொன்னேன். புலனாய்வு அதிகாரியிடம் நானே போய்க் கேட்டுக்கொண்டதன் பேரில்தான் இது பதிவாகிறது.

இறந்துபோன கஸ்தூரிரங்கன், வயது 79, என் கணவரின் அண்ணன். நானும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஹரி அவருடைய ஒரே மகன். ஷ்ரேயா ஹரியின் மனைவி. எங்களுக்குக் குழந்தை இல்லை. என் கணவர், வீட்டில் ரமணி என்று கூப்பிடுவார்கள், இறந்த பிறகு அண்ணா என்னைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். எனக்குப் பென்ஷன் வருகிறது. அங்கே நான் யாருக்கும் பாரமாக இருக்கவில்லை.

இந்த வழக்கில் கைதாகியிருக்கும் ஃபராஸ், வயது 26, மீர்சாகிப்பேட்டைக்காரன். சொந்தமாக டாக்ஸி வைத்து ஓட்டுகிறான். அவன் அம்மா ஹமீதுன்னிசா எனக்கு வெகு காலமாக ரவிக்கை தைத்துத் தருபவள். அந்தப் பழக்கத்தில், எங்கே போவதானாலும் ஃபராஸைத்தான் கூப்பிடுவோம். அண்ணாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவரைத் தனியே விட்டுப் போனான் என்றும், அவருடைய மோதிரத்தைத் திருடினான் என்றும் ஹரி கொடுத்த புகாரில் அவன் இன்று சிறையில் இருக்கிறான். இரண்டும் பொய். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் குடும்ப வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது புரியும். அமாவாசை, பௌர்ணமி மாதிரியான நாட்களில் தவிர எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடலைத் தொட மாட்டார்கள். பார்க்கலாம், கும்பிடலாம், தொடக் கூடாது. அண்ணா அதில் ரொம்பக் கறார். காற்று வாங்கக் கடற்கரைக்குப் போனால் ஈர மணலுக்கு இந்தப் பக்கமே நிற்பார். அலை கொஞ்சம் துள்ளி வந்துவிட்டால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவார், பார்க்கச் சிரிப்பாக இருக்கும். அமாவாசையன்று மட்டும் சாந்தோம் பக்கம் போய்க் கடலில் முழுகிவிட்டு, தன் அப்பா அம்மாவுக்கும் முன்னோர்களுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டுத் தர்ப்பணம் செய்துவிட்டு வருவார். இதையே வீட்டில் செய்தால் அந்த வரிசையில் தம்பிக்கு இடமில்லை. கடல் மாதிரி தீர்த்தத்தில் செய்தால், பிள்ளையில்லாமல் போன தம்பிக்கும் ஒரு கை விடலாம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதற்காகத்தான் அவர் கடலுக்குப் போனார். திரும்பி வந்ததும் ஈர வேட்டியோடு சமையலறை வாசலில் நின்று, "ரமணிக்கும் ஆச்சு" என்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார். நானும் காபியைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு சாந்தோம் கரையில் அலை தள்ளிக் கீழே விழுந்து அண்ணாவுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. மீனவர்கள்தான் ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதன் பிறகு ஹரி, இனிமேல் கடல் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டான். அவன் பயந்தது நியாயம்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அதன் பிறகு ஒரு வாத்தியாரை ஏற்பாடு செய்தான். அவர் அமாவாசைதோறும் செல்போனில் முகம் காட்டி மந்திரம் சொல்ல, அண்ணா கூடத்தில் உட்கார்ந்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டியது. வாழ்நாள் முழுக்க மனப்பாடமாகச் சொன்ன மனிதர், ஒன்றாம் கிளாஸ் பிள்ளை மாதிரி போனைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். "ரமணிக்கும் ஆச்சு" என்பது அதோடு நின்று போயிற்று. எனக்கு அது பெரிய வருத்தம். ஆனாலும் அவர் கடலில் விழுந்து கிடப்பதைவிட இது தேவலை என்று பேசாமல் இருந்தேன்.

சம்பவத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. எங்களவர்களிடம் பஞ்சாங்கம் இரண்டு வகை உண்டு. வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. சில மாதங்களில் இரண்டுக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வந்து, அமாவாசை ஒன்றில் ஒரு நாளும் மற்றதில் அடுத்த நாளும் விழும். அண்ணா வழிவழியாக வாக்கியம் பார்ப்பவர். ஹரியின் செல்போனில் இருப்பதும், அந்த வாத்தியார் பார்ப்பதும் திருக்கணிதம். இந்தக் கார்த்திகை அமாவாசை அண்ணா கணக்குப்படி ஞாயிறு, ஹரி கணக்குப்படி திங்கள். அண்ணா அதைச் சொன்னபோது ஹரி, "வாத்தியார் திங்கக்கிழமைன்னுட்டார்ப்பா. ரெண்டு பஞ்சாங்கத்த வெச்சுண்டு ஒரு ஆத்துல குடித்தனம் பண்ண முடியாது" என்று சொன்னான். அண்ணா எதிர்த்துப் பேசவில்லை. சாப்பிட்டு, கை அலம்பிக்கொண்டு வந்து, சாவகாசமாக, "ஞாத்திக்கிழமை எல்லாருமா மகாபலிபுரம் போய்ட்டு வரலாமா? கொஞ்சம் காத்து வாங்கணும் போல இருக்கு" என்று கேட்டார். கோபம் தணிந்துவிட்டது என்று ஹரிக்கு ஒரே சந்தோஷம். உடனே ஃபராஸுக்குப் போன் செய்தான். எனக்கும் சந்தோஷம்தான். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்காவது மூளை வேலை செய்திருக்கலாம். செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சமையலறைக்குப் போனபோது மேடை மேல் கறுப்பு எள் கொஞ்சம் சிந்திக் கிடந்தது. ஷ்ரேயா முந்தின நாள் மிளகாய்ப்பொடிக்கு வறுத்திருந்தாள், அந்தச் சிதறல் என்று நினைத்துத் துணியால் துடைத்துப் போட்டுவிட்டேன். அண்ணா அதற்கு முன்பே குளித்துவிட்டு, பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஷ்ரேயா, "என்னப்பா, டூருக்குப் பஞ்சகச்சமா?" என்று கேலி செய்தாள். "அங்க தலசயனப் பெருமாள் இருக்காரேம்மா" என்றார். இட்லி வைத்தேன், வேண்டாம் என்றார். காபி கொடுத்தேன், வழியில் இறங்க வேண்டி வரும், வேண்டாம் என்றார். தர்ப்பணம் செய்கிற நாளில் அது முடிகிற வரை அவர் பச்சைத் தண்ணீர்கூட வாயில் விட மாட்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. அவருக்கு மட்டும் தயிர்சாதம் பிசைந்து ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஃபராஸின் வண்டியில் கிளம்பினோம். அண்ணா கால் நீட்டிக்கொள்ள வசதியாக முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் ஃபராஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து அண்ணாவின் கைகள் எனக்கு நன்றாகத் தெரிந்தன. எனக்குப் பக்கத்தில் ஷ்ரேயா, அடையாறு பாலம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். அதற்கு அந்தப் பக்கம் ஹரி காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஆபீஸ் விஷயம் பேசிக்கொண்டிருந்தான். கோவளம் தாண்டிக் கடல் தெரிந்தபோது, அண்ணா தன் வலது கை மோதிரத்தைத் திருகிக் கழற்றினார். விரல் மெலிந்துவிட்டதால் அது சுலபமாக வந்துவிட்டது. கழற்றியதை அவரே, கியருக்கு முன்னால் சில்லறை போடுகிற பெட்டியைத் திறந்து உள்ளே போட்டு மூடினார். ஃபராஸ் பார்த்துவிட்டு, "இன்னா தாத்தா, மோதிரத்த கழட்டிட்டீங்க?" என்று கேட்டான். அதற்கு அண்ணா, "இருக்கட்டும்டா, அப்பறம் போட்டுக்கறேன்" என்றார். இதை நான் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். ஃபராஸின் கை ஸ்டியரிங்கை விட்டு அகலவில்லை.

மாமல்லபுரத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் எல்லாம் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஷ்ரேயா போட்டோ எடுத்தாள். அண்ணாவைக் கல் யானைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள், நின்றார். சிரிக்கச் சொன்னாள், சிரித்தார். அந்தப் போட்டோவைத்தான் இப்போது மாலை போட்டு மாட்டியிருக்கிறார்கள். இளநீர் வாங்கினோம், அண்ணா மட்டும் குடிக்கவில்லை. வங்கக்கடலில் இரண்டு நாள் முன்புதான் புயல் சின்னம் ஒன்று கரை கடக்காமல் வலுவிழந்து போயிருந்தது. மணலில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். அலை சத்தம் ரோடு வரை கேட்டது. அண்ணா கடலைப் பார்த்த பார்வையில் இரண்டு தடவை நான் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

மத்தியானம், சாப்பிடப் போகலாம் என்றபோது அண்ணா, ஹோட்டலில் சாப்பிடும் வழக்கம் தனக்கு இல்லை, காரிலேயே இருக்கிறேன் என்றார். அது எப்போதும் உள்ளதுதான். கடற்கரையை ஒட்டிய சவுக்குத் தோப்பு நிழலில் ஃபராஸ் வண்டியை நிறுத்தினான். அவனும் அங்கேயே இருந்துவிட்டான். நாங்கள் மூவரும் போய்ச் சாப்பிட்டோம். அதன் பிறகு பக்கத்தில் ஒரு சிற்பக் கடையில், பால்கனியில் பூ மிதக்கவிட என்று ஷ்ரேயா ஒரு கருங்கல் தொட்டி வாங்கினாள். இரண்டு ஆள் இல்லாமல் அதைத் தூக்க முடியாது. அந்தத் தெருவில் வண்டி நிறுத்த விடவில்லை. ஷ்ரேயாவைக் கடையில் விட்டுவிட்டு, ஃபராஸைக் கூட்டிவர ஹரி காருக்கு நடந்தான். காரில் இருந்த தயிர்சாதத்தை அண்ணாவுக்குக் கொடுக்கலாம் என்று நானும் கூடப் போனேன்.

அங்கே நடந்ததுதான் இந்த வழக்கு. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஃபராஸ் காருக்கு வெளியே சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அண்ணா முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண்ணாடி இறக்கியிருந்தது. ஹரி, கல் தூக்க வேண்டும், வா என்றான். ஃபராஸ் காரைத் திரும்பிப் பார்த்து, "தாத்தா தனியா கீறாரு சார். கடலு வேற ஒரு மாதிரி கீது. நீங்க இங்க நில்லுங்க, நான் கடை ஆள வெச்சு தூக்கிக்கினு வந்துட்றேன்" என்றான். அதற்கு ஹரி சொன்னது: "அமாவாசை நாளைக்குத்தான். இன்னிக்கு அவர் கடல்ல கால்கூட நனைக்க மாட்டார். அது எங்க வழக்கம், உனக்குத் தெரியாது. வா." ஃபராஸ் மறுபடியும், "பரவால்ல சார், நான் நிக்கிறேன்" என்றான். ஹரி, "சொல்றேன் இல்ல?" என்று குரலை உயர்த்தினான். அதன் பிறகுதான் ஃபராஸ் வண்டியை விட்டு நகர்ந்தான்.

என் காது மந்தம் என்று ஹரி வக்கீலிடம் சொல்லியிருக்கிறானாம். கரகரவென்று இரைகிற லைனில் பம்பாய்க்காரன் பேசுவதைக் கேட்டு, ஒரு சொல் மாறாமல் மதுரைக்காரனுக்குச் சொன்னவள் நான். அது என் பிழைப்பு. ஒருவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

அண்ணா அப்போது தூங்கவில்லை. தூங்கினால் அவருக்கு வாய் திறந்துகொள்ளும். அன்று வாய் மூடியிருந்தது. ஹரி சொன்னதை எல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது என் திடமான எண்ணம். அவர்கள் போன பிறகு நான் டப்பாவைத் திறந்து, "அண்ணா, ரெண்டு வாய் சாப்பிடுங்கோ" என்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ரொம்ப நாளாக நான் பார்க்காத தெளிவு அந்தப் பார்வையில் இருந்தது. "அப்பறம் சாப்பிடறேன். மூடி வை. நீ போ, ஷ்ரேயா பாவம் தனியா நிக்கறா" என்றார். நானும் போனேன். ஹரி நம்பிய அதே வழக்கத்தைத்தான் நானும் நம்பினேன். ஃபராஸுக்கு அந்த வழக்கம் தெரியாது, அதனால் அவன் ஒருவன்தான் பயந்தான்.

அதன் பிறகு ஹரியும் ஃபராஸும் கல் தொட்டியைக் கோணிச் சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு வர, நாங்கள் பின்னால் வந்தோம். காரில் அண்ணா இல்லை. சட்டை மடித்து முன் சீட்டில் வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் மூக்குக் கண்ணாடி. சட்டைக்கு அடியில் ஒரு மஞ்சள் பை. ஃபராஸ்தான் முதலில் கீழே மணல் பக்கம் பார்த்தான். கல்லின் அவன் பக்கத்து முனையை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். ஈர மணல் ஆரம்பிக்கிற இடத்தில் அண்ணாவின் செருப்பு ஜோடியாக, வாசலில் விடுகிற மாதிரி விட்டிருந்தது. சங்கு மாலை விற்கிற பெண் ஒருத்தி, "பஞ்சகச்சம் கட்னவரா? இடுப்பளவு தண்ணில நின்னுக்கினு ஏதோ மந்திரம் சொல்லிக்கினு இருந்தாரு. திரும்பறதுக்குள்ள ஆளக் காணோம்" என்று அலறினாள்.

ஃபராஸ் போனை மணலில் வீசிவிட்டுப் பேன்ட் சட்டையோடு கடலில் இறங்கினான். அவனுக்கு நீச்சல் அரைகுறை என்று அவன் அம்மா பிற்பாடு சொன்னாள். அலை அவனை இரண்டு முறை புரட்டிக் கரையில் போட்டது, மறுபடி இறங்கினான். அதற்குள் மீனவர்கள் கயிறோடு வந்தார்கள். ஹரி ஈர மணலுக்கு இந்தப் பக்கம் நின்று "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டிருந்தான். அவனுக்குக் கால் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று எங்கள் அண்ணாவுக்காகத் தண்ணீரில் இறங்கியது யார் என்று இந்தக் கோர்ட்டில் எழுதப்பட வேண்டும்.

வடக்கே கொஞ்ச தூரம் தள்ளி அவரைக் கொண்டுவந்து மணலில் கிடத்தினார்கள். ஒரு மீனவர் வயிற்றை அழுத்தினார். ஃபராஸ் தலைமாட்டில் உட்கார்ந்து, "தாத்தா, தாத்தா" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். அண்ணாவின் வலது கை மோதிர விரலில், தர்ப்பைப் புல்லை முறுக்கிச் செய்த பவித்ரம் இருந்தது. தர்ப்பணம் செய்யும்போது மட்டும் போட்டுக்கொள்வது அது. அதைப் போட்டுக்கொள்ளத்தான் தங்க மோதிரத்தைக் கழற்றினார் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. ஹரியும் அதைப் பார்த்தான். பார்த்து, குனிந்து, நாடி பார்ப்பவன் போல அந்தக் கையைப் பிடித்தான். பவித்ரத்தை மெதுவாக உருவி, உள்ளங்கையில் பொத்தி, தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். நிமிர்ந்தவன் என்னைப் பார்த்தான். நான் பார்த்துவிட்டேன் என்பது அவனுக்குத் தெரியும். அவனைக் கையில் தூக்கி வளர்த்தவள் நான். அன்று அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில், உயிர் போய்விட்டது என்றார்கள். அதன் பிறகு போலீஸார் வந்தார்கள். ஹரி அவர்களிடம் முதலில் சொன்னது, "இவன்கிட்ட அப்பாவை ஒப்படைச்சுட்டுப் போனேன் சார்" என்பது. அதன் பிறகு, மோதிரத்தைக் காணோமே என்றான். காரைச் சோதித்தபோது சில்லறைப் பெட்டியில் மோதிரம் இருந்தது. ஃபராஸ், தாத்தாதான் போட்டார் என்று சொன்னான். யாரும் கேட்கவில்லை. அவனை ஜீப்பில் ஏற்றியபோது அவன் பேன்ட் இன்னும் காயவில்லை. அன்று ஸ்டேஷனில் என்னையும் விசாரித்தார்கள். ஹரி பக்கத்து நாற்காலியில் இருந்தான். கேட்டதற்கெல்லாம் இல்லையென்று தலையை ஆட்டினேன். ஒன்றும் தெரியாது என்று எழுதிக்கொண்டார்கள். அது சரியல்ல, இப்போது சொல்வதுதான் சரி.

மறுநாள் திங்கட்கிழமை காலையில், அண்ணா இன்னும் பிணவறையில் இருக்கும்போது, ஹரியின் செல்போன் அலாரம் அடித்தது. அமாவாசைத் தர்ப்பணத்தை ஞாபகப்படுத்துவதற்காக அவன் வைத்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவன் அதை அணைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். ஷ்ரேயா வந்து அணைத்தாள். வீட்டில் தீட்டு விழுந்துவிட்டதால் அன்று யாரும் யாருக்கும் தர்ப்பணம் செய்யவில்லை. அந்த அமாவாசைக்கு எங்கள் குடும்பத்தில் நடந்தது அண்ணா கடலில் நின்று செய்த அது ஒன்றுதான்.

காரியங்கள் நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு மத்தியானம் ஹமீதுன்னிசா வந்தாள். துக்க வீடு என்று மாடி ஏறாமல் கேட்டருகில் நின்று என்னைக் கூப்பிட்டனுப்பினாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். "அக்கா, நீங்க பார்த்தத சொல்லுங்க, போதும். பார்க்காதது ஒண்ணுகூட என் புள்ளைக்காக சொல்ல வேணாம்" என்றாள். தைக்க வைத்திருந்த என் ரவிக்கையையும் முடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

பதிமூன்றாம் நாள் முடிந்த பிறகு நான் ஹரியிடம் பேசினேன். போலீஸில் நீயே போய்ச் சொல்லிவிடு, ஒன்றும் கெட்டுப்போகாது என்றேன். "அந்தப் பவித்ரத்தப் பத்தி வாயத் திறக்காதே சித்தி. நான் சொன்னதாலதான் அப்பா போய்ட்டார்னு ஆயிடும்" என்றான். "ஆயிடும்னு என்னடா, ஆயிடுத்து. அதுக்கு அந்தப் பையன் ஏன் ஜெயில்ல இருக்கணும்?" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழுது முடித்த பிறகு, "நீ அங்க போய்க் கையெழுத்துப் போட்டா, அப்பறம் இந்த ஆத்துல எப்படி இருப்பே?" என்று கேட்டான். அவன் கெட்டவன் இல்லை. செய்ததைத் தாங்க முடியாமல் இன்னொருத்தன் தலையில் இறக்கி வைத்திருக்கிறான். இன்றைக்கும் அவன் சாப்பிட்டானா என்றுதான் என் மனசு கேட்கிறது. அதற்காக ஹமீதுன்னிசாவின் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க என்னால் முடியாது.

காரில் இருந்த மஞ்சள் பையை அன்றே நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் மிச்சத் தர்ப்பையும், காகிதத்தில் மடித்த எள்ளும் இருக்கின்றன. அதை இத்துடன் கோர்ட்டில் ஒப்படைக்கிறேன். அந்த எள் எங்கள் சமையலறை எள்.

இறந்தவர் உயிரை விடும் எண்ணத்தோடு கடலில் இறங்கியிருக்கலாமா என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். இல்லை. மோதிரத்தை அப்பறம் போட்டுக்கறேன் என்றார். தயிர்சாதத்தை அப்பறம் சாப்பிடறேன், மூடி வை என்றார். சாகப் போகிறவர் அப்பறம் என்று சொல்ல மாட்டார். கரைக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றும் அவருக்கு இருந்திருக்கும். நடந்து போகிற தூரத்தில் கடல் இருந்தும், என் கணவருக்கு ஒரு கை தண்ணீர் விட அவர் அத்தனை தூரம், உல்லாசப் பயணம் என்று பொய் சொல்லிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

தொடக்கத்தில் நான் கொடுத்த விலாசம் இன்று காலை வரை சரி. துணிமணி, மாத்திரை, ரமணியின் போட்டோ எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டுதான் வந்தேன். எனக்குச் சம்மன் அனுப்புவதானால் கோபாலபுரத்தில் நான் சேர்ந்திருக்கும் மகளிர் விடுதிக்கு அனுப்பவும். விலாசத்தைத் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மேலே பதிவானது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஒரே ஒரு இடத்தில் திருத்தம் கேட்டேன். எழுத்தர் "இறந்தவர் அமாவாசை என்று தவறுதலாக எண்ணிக் கடலில் இறங்கினார்" என்று எழுதியிருந்தார். அதில் "தவறுதலாக எண்ணி" என்பதை அடித்துவிடச் சொன்னேன். அவருக்கு அன்றுதான் அமாவாசை. நடுவர் அவர்கள் சம்மதித்து, அடித்த இடத்தில் என்னிடம் சுருக்கொப்பம் வாங்கிக்கொண்டார்கள். மற்றபடி இதில் உள்ளது எல்லாம் நான் கண்டதும் கேட்டதும்தான், கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை என்று உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ஜலஜா வெங்கடரமணன்